செவ்வாயில் கிளம்பிய பகுத்தறிவு

திருநின்றவூர்க்காரனுக்கு வண்டலூர் போவது பெரிய காரியமில்லை. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். கிழமை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

“செவ்வாய்க்கிழமையும் அதுவுமா எங்கடா கிளம்பற?” என்றார் அம்மா. மூடநம்பிக்கையைப் பற்றி வழிநெடுகச் சொற்பொழிவாற்றினேன். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா வாசலில் பலகை: செவ்வாய்க்கிழமை விடுமுறை. அம்மா எதுவும் சொல்லவில்லை. கட்டி வந்த புளிசாதத்தை எல்லாருக்கும் பரிமாறினார், எனக்குக் கடைசியில்.

மறுமுறை ஞாயிறு. வெயில் ஏறினால் மிருகங்கள் படுத்துவிடும் என்று முந்தின ராத்திரியே வீட்டை விரட்டியவன் நான். காலையில் கடைசியாக எழுந்தவனும் நானே. போய்ச் சேரும்போது உச்சிவெயில். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது, பிறகு சென்ட்ரல் பக்கம் போனது, 1985இல் வண்டலூரில் திறந்தது, மொத்தம் 602 ஹெக்டேர் என்று மகனிடம் அடுக்கினேன். “அவ்வளவும் நடக்கணுமாப்பா?” என்றான். பேட்டரி வண்டிக்கு நீண்ட வரிசை. ‘நடந்தால்தான் பார்த்த மாதிரி’ என்று அறிவித்தேன். முதலில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தது யார் என்று கேட்காதீர்கள்.

சிங்கம் நிழலில் கிடந்தது. காசு கொடுத்தவன் ஆயிற்றே, விசிலடித்தேன். ஊழியர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “சார், இது சர்க்கஸ் இல்ல.”

சிங்கம், புலி, கரடியை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு போட்ட தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படி சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களுக்கு இதே பூங்காவில் மறுவாழ்வு மையம் உண்டு. அங்கே இனப்பெருக்கம் கிடையாது, வேடிக்கை காட்டுவதும் கிடையாது. கடைசிவரை கறியும் வைத்தியமும் மட்டும். யாருக்காகவும் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்பதுதான் அவற்றுக்குக் கிடைத்த விடுதலை. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் விசிலடித்தேன். கையில் சவுக்கு இல்லாததுதான் குறை.

ஊர் திரும்பியதும் தெருக்காரர்களிடம், “சிங்கம் போட்ட கர்ஜனை இருக்கே!” என்று ஆரம்பித்தேன். மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊரில் மனசுக்குள் ஒரு கர்ஜனைகூடக் கேட்கக் கூடாதா? அவருக்கு சிவபெருமானே சாட்சி சொன்னார். எனக்கு வாய்த்த சாட்சி பக்கத்திலேயே நின்றான். “அது தூங்கிட்டுதானேப்பா இருந்துச்சு?”