ஏற்றுமதி அண்ணன்

குளுவாங்கில் இப்போது தாமானுக்கு ஓர் ஏற்றுமதி அண்ணன் இருக்கிறார். வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். காடி வெளியே வெயிலில் காயும். காடி நிற்கவேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டிகள் நிழலில் படுத்திருக்கும். உள்ளேயிருந்து சர்ரென்று டேப் இழுக்கும் சத்தம் வந்தால் அண்ணன் இருக்கிறார். வராவிட்டால் போஸ்லாஜுவில் வரிசை பிடித்து நிற்கிறார்.

எங்கள் தாமான் அண்ணன், கொம்பெனி ஸ்டோரில் முப்பது வருஷம் சாமான் எண்ணிவிட்டு ஓய்வுபெற்றவர். எண்ணும் பழக்கம் விடவில்லை. எண்ணச் சாமான்தான் இல்லாமல் போயிற்று. அதனால் இணையத்தில், ஈபேயில், கடை விரித்தார். சரக்கு மூன்று வகை: குளுவாங் கோப்பித்தூள், அண்ணி சுட்ட முறுக்கு, பழைய தோட்டத்துச் சாமான்கள். கோப்பியைப் பற்றி யாராவது விலை கேட்டால் முதலில் வரலாறு வரும். "1938லேருந்து நம்ம ஸ்டேஷன்ல கோப்பி ஆத்துறாங்க, தெரியும்ல?" என்பார், ஏதோ அன்றைக்கு முதல் கிளாஸை இவரே வாங்கிக் குடித்த மாதிரி. விலை கடைசியில்தான் வரும்.

கடைக்குச் சின்னம் வேண்டுமென்று வௌவால் வரைந்தார். ஊர்ப் பெயரே 'கெலுவாங்' என்னும் பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்ததுதானே. வௌவால் என்றால் தலைகீழாகத்தான் தொங்கவேண்டும். பெட்டியில் அதை ஒட்டி அனுப்பினால், வழியில் பார்க்கிறவரெல்லாம் படம் தலைகீழாக இருக்கிறதே என்று பெட்டியைப் புரட்டி வைத்தார்கள். முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் வௌவாலை மாற்றவில்லை. 'வௌவால் சரியாகத்தான் தொங்குகிறது' என்று மலாயில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டினார்.

"நேத்து சிங்கப்பூருக்கு ரெண்டு, அமெரிக்காவுக்கு ஒண்ணு போச்சு" என்று பசியாறும் கடையில் நாலு மேசைக்குக் கேட்கச் சொல்வார். சிங்கப்பூருக்கு என்று சொன்ன இரண்டும் ஜொகூர் பாருவுக்குப் போனவை. சிங்கை வாடிக்கையாளர்கள் கெட்டிக்காரர்கள். ஜொகூர் பாருவில் பார்சல் வாங்கி வைக்கும் ஏஜெண்டு ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். தபால் செலவு உள்ளூர்க் கணக்கு; பாலம் தாண்டுவது ஏஜெண்டு பாடு. பார்சல் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் போகிறது. மச்சான் ஒருநாள், "அப்ப இது உள்ளூர் யாவாரந்தானே மாமா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு தீபாவளி பேச்சு வார்த்தை இல்லை.

அமெரிக்கா கதை வேறு. முதலில் ஒரெகன் மாநிலத்துப் போர்ட்லண்டிலிருந்து ஒரு ரஷ்யப் பெயர் வந்தது. அடுத்த மாதம் ஒரு பிரேசில் பெயர், அப்புறம் ஒரு கொரியர், கடைசியில் நம்மவர் ஒருவர். எல்லாருக்கும் ஒரே தெரு, ஒரே கதவு எண். பெயருக்குப் பின்னால் வரும் நம்பர் மட்டும் வேறு. அண்ணன் நெகிழ்ந்துபோனார்.

"வெள்ளைக்காரன் ஊர்ல கூட்டுக் குடும்பம் இல்லேன்னு எவன் சொன்னான்? ஒரே வீட்ல நாலு நாட்டுக்காரன் இருக்கான்!"

"சமையல் யாரு?" என்றார் அண்ணி.

மகள்தான் விளக்கினாள். அது வீடு இல்லை, கிடங்கு. ஒரெகனில் விற்பனை வரி கிடையாது. அதனால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அங்கே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு, வாங்கியதையெல்லாம் அதில் சேர்த்து, மொத்தமாகத் தங்கள் நாட்டுக்கு வரவழைத்துக்கொள்கிறார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. குடும்பம் கலைந்ததில் அவருக்கு மெய்யாகவே வருத்தம். 800 டாலர் வரையான பார்சல்களை வரியில்லாமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்ததை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்தியதும் அந்தக் குடும்பம் இன்னும் இளைத்தது.

பெட்டி கட்டுவதில் அண்ணனுக்கு இணை இல்லை. இடைவெளிக்குப் பழைய தமிழ்ப் பேப்பர். தமிழ் உலகமெல்லாம் பரவவேண்டும் என்று பாரதி கேட்டதைத் தான் செய்து முடிப்பதாக நினைப்பு. 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் மட்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, அதைக் கசக்கமாட்டார். அவ்வளவு பக்குவமாகக் கட்டிய பெட்டியைக் கிடங்கில் பிரித்து, சின்னப் பெட்டியில் மாற்றிவிடுகிறார்கள் என்று தெரிந்தபோது துடித்தார். காரணம் கணக்கு. நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்டிமீட்டர் என்றால் பெருக்கி 5000ஆல் வகுத்து ஆறு கிலோ என்பார்கள். உள்ளே முறுக்கு இரண்டு கிலோகூட இருக்காது. "காத்துக்கும் காசா?" என்றார், ஸ்டோரில் முப்பது வருஷம் காற்றை எண்ணாமல் விட்டவர்.

சுங்கப் படிவத்தில் அவர் அரிச்சந்திரன். 'அன்பளிப்பு என்று எழுதுங்கள்' என்று கேட்ட ஒருவருக்கு, "நீ எனக்கு மாமனா மச்சானா?" என்று பதில் போனது. ஆனால் பன்னிரண்டு பால் மங்குகளை ஒரெகனுக்கு அனுப்பியபோது, பொருள் என்ற இடத்தில் 'ரப்பர் கப்' என்று எழுதிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அதுதான் உண்மை. பால்மரத்தில் கட்டிய மங்கு. கிடங்கிலிருந்து கேள்வி வந்தது: பெட்டியில் மண் கிண்ணங்கள்தான் இருக்கின்றன, ரப்பர் எங்கே? அண்ணன் இரவெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினார். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிப் போவது, உளியால் பட்டை சீவுவது, மங்கில் சொட்டுவது, காண்டாவில் வாளி தூக்குவது, தாத்தாவின் முதுகுவலி, லண்டன் கொம்பெனி எல்லாம் அதில் இருந்தன. மூன்று பக்கம். கிடங்கிலிருந்து ஒரு வரி வந்தது: 'செராமிக் என்று மாற்றிவிட்டோம்.'

ஒரு மாதம் கழித்து வாங்கியவர் படம் அனுப்பினார். யாரோ கட்டிய பெட்டி, பதினொரு மங்கு, ஒன்று இரண்டாக. அண்ணன் சட்டத்தை எடுத்தார். வந்து சேர்ந்த பொருளை அங்கிருந்து வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் ஈபேயின் பணத்திருப்ப உறுதி செல்லாது. "ஒரெகன் வாசப்படி வரைக்குந்தான் என் பொறுப்பு. அதுக்கப்புறம் அது எந்த நாட்டுக்குப் போச்சோ, எவன் போட்டு உடைச்சானோ!"

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு டேப் சத்தம் கேட்டது.

புது மங்கு போய்ச் சேர்ந்ததற்கு நன்றி சொல்லி இன்னொரு படம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி. எந்த ஊரென்று தெரியவில்லை. ஜன்னல் விளிம்பில் பன்னிரண்டு மங்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கள்ளிச்செடி. அண்ணன் போனை அண்ணியிடம் நீட்டினார்.

"எங்க தாத்தா பால் எடுத்த மங்குல கள்ளி நட்டு வச்சிருக்கான் பாரு!"

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கள்ளியிலயும் பால் வரும்தானேங்க."