பத்து வெள்ளி முதலாளி

தம்பிகளா, உங்கள்ல யாருக்காவது காற்பந்து தீம் வாங்குற ஆசை இருந்தா கையைத் தூக்குங்க. தூக்கின கையை அப்படியே சட்டைப் பைக்குள்ள விட்டுப் பாருங்க. ஏதாவது தட்டுப்படுதா? தட்டுப்பட்டா நீங்க இன்னும் தீம் வாங்கலைன்னு அர்த்தம்.

சிரிக்காதீங்க. 1921-ல பொறந்த பேராக் தீம், 2025 நடுவுல, வர்ற சீசனுக்கு நாங்க ஆட வரலைன்னு சொல்லிட்டு ஒதுங்கிருச்சு. நூத்தி நாலு வயசு. அதை விட வயசுல சின்னவன் நான், இன்னும் காலையில எழுந்து தே ஓ குடிக்கிறேன். அதுக்கு மட்டும் மூச்சு முட்டிருச்சு. அதே வருஷம் பஹாங்கும் விலகுச்சு, கெடாவுக்கு லைசன்ஸ் கெடைக்கலை. ஒரே சீசன்ல மூணு பழைய மாநிலங்க சூப்பர் லீக்ல இல்லை. அட்டவணை அடிக்கிறவனுக்கு மட்டும் வேலை மிச்சம்.

மலேசியக் கோப்பை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா? எச்.எம்.எஸ். மலாயான்னு ஒரு வெள்ளைக்காரன் போர்க்கப்பல். அந்தக் கப்பல்காரங்க 1921-ல கொடுத்தது. பேராக் அதை எட்டுத் தடவை தூக்கியிருக்கு: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. லீக் பட்டம் 2002-லயும் 2003-லயும் அடுத்தடுத்து. கராத்து ஆடுன தீம்டா இது. சரவணன் ஆடுன தீம். நேத்துப் பொறந்த நீங்க கென்னி பால்ராஜைப் பத்திப் பேசுறீங்க, பேசுங்க, அவரும் நல்லா ஆடுன பிள்ளைதான். 2018 இறுதியாட்டம் ஷா ஆலாம்ல. திரெங்கானுவோட மூணுக்கு மூணு, அப்புறம் பினால்டியில நாலுக்கு ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி ஈப்போ புந்தோங்ல எவனும் தூங்கலை. கச்சாங் பூத்தே வறுக்கிற வீட்டுல அடுப்பை அணைக்காம விட்டுட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. ஏழு வருஷம் ஆகுறதுக்குள்ள தீம் இல்லாமப் போச்சு. கடலை மட்டும் இருக்கு.

இப்ப என்கிட்ட வந்து, "தாத்தா, நம்ம தீமை மூடிட்டாங்களே"ன்னு மூக்கைச் சிந்துறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நம்மன்னா யாரு?

நீ மஞ்சள் சட்டை போட்டிருக்க. எங்க வாங்குன? பாசார் மாலாம்ல, பதினஞ்சு வெள்ளிக்கு. அதுல ஒரு காசுகூடத் தீமுக்குப் போகலை, தைச்சவனுக்குப் போச்சு. டிக்கெட்? "பாதி நேரத்துக்கப்புறம் கதவைத் திறந்து விட்டுருவாங்க தாத்தா"ன்னு நீதானே சொன்ன! மழை பெஞ்சா வரமாட்ட. செலாங்கோரோட ஆடுனா வருவ, போலீஸ் தீமோட ஆடுனா வரமாட்ட. ஆனா ஈப்போவுல எந்தக் கோப்பிக்கடையில உக்காந்தாலும் மேசைக்கு ரெண்டு பயிற்சியாளர். அவனை எடுத்துட்டு இவனை இறக்கியிருக்கணும், அவன் கால்ல எண்ணெய் இல்லை, இவனுக்குச் சம்பளம் அதிகம். ஆட்டக்காரன் சம்பளத்தைப் பத்திப் பேசுற வாய்க்குக் கோப்பிக் காசை அடுத்தவன்தான் கொடுக்கணும். நான் கொடுத்திருக்கேன், அதனால தெரியும்.

சரி, கோவிச்சுக்காதே. குத்தம் உன்மேல மட்டும் இல்லை.

முன்னால தீம் யாருடையது? மாநில அரசாங்கத்துடையது. மந்திரி புசாரே காற்பந்துச் சங்கத்துக்கும் தலைவர். அரசாங்கக் கம்பெனிங்க நெஞ்சுல பேரைப் போட்டுக்கிட்டு விளம்பரக் காசு கொடுக்கும். யாருக்கு விளம்பரம், எதுக்கு விளம்பரம்னு யாரும் கேக்க மாட்டாங்க. கோப்பை ஜெயிச்சா மேடையில யாரு நடுவுல நிப்பாங்கன்னு மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. காசு வந்துச்சு, அதனால வெளிநாட்டுக்காரன் வந்தான், அதனால கோல் வந்துச்சு. சிஸ்டம் சுகமாத்தான் இருந்துச்சு, நாற்காலி ஆடாத வரைக்கும்.

2020 டிசம்பர்ல பேராக்கோட பெரிய ஸ்கோர் திடல்ல விழலை, சட்டமன்றத்துல விழுந்துச்சு. மந்திரி புசார் மேல நம்பிக்கை இருக்குன்னு பத்து பேர், இல்லைன்னு நாப்பத்தெட்டு பேர். 10-48. அந்த மாதிரி ஸ்கோர் எந்தத் தீமும் வாங்குனதில்லை. அவரு போனாரு, வேற ஒருத்தர் வந்தாரு. அடுத்த வருஷம், 2021-ல, பன்னெண்டு தீம்ல பதினொண்ணாவது இடம், கீழ் லீக்குக்கு இறக்கம், ஆட்டக்காரங்க சம்பளப் பாக்கின்னு பேப்பர்ல தலைப்பு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு நான் சொல்லலை. நான் வயசானவன், தேதியை மட்டும் அடுக்கி வைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துதான் மலேசியக் காற்பந்துச் சங்கம் எல்லா மாநிலத்தையும் பார்த்துச் சொல்லிச்சு: சங்கமா இருந்தது போதும், தனிக் கம்பெனியா மாறுங்க. யோசனை தப்பில்லை. கணக்கு வழக்கு இருக்கட்டும், அரசியல்வாதி கையை எடுக்கட்டும்னு நினைச்சாங்க. கையை எடுத்தாங்க. கையோட பர்ஸையும் எடுத்துக்கிட்டாங்க. பேருக்குப் பின்னால செண்டிரியான் பெர்ஹாட்னு ஒட்டிட்டா உள்ளுக்குள்ள காசு முளைச்சிரும்னு நம்புனது யாரோ, அவங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்.

அப்புறம் கம்பெனிக்காரங்க வந்தாங்க. கடைசியா ஆட்டத்தை நிறுத்தும்போது தீம் இருந்தது எக்ஸ்.ஓ.எக்ஸ். கைத்தொலைபேசிக் கம்பெனிகிட்ட. நான் அவங்களைத் திட்டப் போறதில்லை. வேற யாரும் வராத நேரத்துல வந்தாங்க, சில வருஷம் ஓட்டுனாங்க, கட்டுப்படியாகலைன்னு விட்டாங்க. வியாபாரி கட்டுப்படியாகாத கடையை மூடுறது வியாபாரம். அதுல துரோகம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நீ சொல்றேன்னா, நீ எத்தனை பங்கு வெச்சிருந்தேன்னு முதல்ல சொல்லு.

நடுவுல ஒரு கூத்து. 2022-ல கீழ் லீக்ல கிடந்த நாம 2023-ல மேல வந்துட்டோமே, எப்படி? ஏணியில ஏறலை. கீழ் லீக்கையே நிறுத்திட்டு, சூப்பர் லீக்கைப் பதினாலு தீமா விரிச்சாங்க. நாம படுத்த பாயிலேயே படுத்திருந்தோம், மேல் மாடி இறங்கி வந்துருச்சு. அதுக்கும் நீங்க ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போனீங்க. கேட்டுச்சு.

பால்மரம் வெட்டுனவனுக்கு இதெல்லாம் புதுசில்லை. மரம் இளசா இருக்கிறப்ப துரை கண்ணும் கருத்துமா பார்த்துக்குவான். பட்டையில ஒரு நூல் ஆழமா வெட்டிட்டா மண்டோர் அன்னிக்குச் சம்பளத்துல கை வெப்பான். இருபத்தஞ்சு, முப்பது வருஷம் போனதும், இந்தக் காட்டைச் சாய்க்கப் போறோம்னு முடிவாயிருச்சுன்னா, அதே துரை சொல்லுவான்: ஏணி வை, மேல வெட்டு, கீழ வெட்டு, எந்தப் பக்கம் வேணும்னாலும் வெட்டு. பால் கொட்டும். மங்கு நிறைஞ்சு வழியும். புதுசா வந்த பையன், ஆகா, இந்த மரத்துல எவ்வளவு பால்னு வாயைப் பொளப்பான். பழைய ஆளுங்க லயத்துல மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சிருப்பாங்க. 2018-ல கோப்பையைத் தூக்குறப்ப கணக்குப் புத்தகத்தை யாராவது பார்த்தீங்களா?

ஜொகூரைப் பாருன்னு சொல்லுவ. பார்த்தேன். 2014-லேர்ந்து 2024-25 வரைக்கும் பதினோரு தடவை விடாம லீக் அவங்களுக்கே. பணம் இருக்கு, இளவரசர் இருக்காரு, திடல்ல புல்லு வெல்வெட்டு மாதிரி. நல்லா இருக்கட்டும். ஆனா ஒவ்வொரு மாநிலமும் ஒரு இளவரசருக்குக் காத்திருக்க முடியாது. நம்ம இனத்துப் பிள்ளைங்களுக்குன்னு இருந்த மிஃபா தீமும் பிஜே சிட்டின்னு பேரு மாத்தி, பெரிய கம்பெனி காசுல, கடைசிக் காலத்துல உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வெச்சுக்கிட்டு மானமா ஆடுச்சு. 2022 முடிவுல அதுவும் விலகிருச்சு. அப்ப எத்தனை பேர் மூக்கைச் சிந்துனீங்க?

இப்ப யோசனைக்கு வர்றேன். யோசனை என்னோடது இல்லை, சுங்கை சிப்புட்காரரோடது.

நாடு சுதந்திரமானதும் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனிங்க ஒவ்வொண்ணா வித்துட்டுக் கிளம்புனாங்க. வாங்குனவன் தோட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி வித்தான். துண்டாடல்னு பேரு. உங்க பாட்டிகிட்ட கேட்டுப் பாரு, அந்தச் சொல்லைச் சொன்னாலே முந்தானையை இழுத்துச் செருகுவாங்க. துண்டு வாங்குனவனுக்கு மரம் வேணும், மரத்தடியில இருந்த மனுசன் வேணாம். லயத்தை விட்டு வெளிய போன்னுட்டான். கோயில், பள்ளிக்கூடம், திடல், எல்லாம் அவன் எல்லைக்குள்ள.

அப்பதான் 1960-ல அந்தச் சுங்கை சிப்புட்காரர், துன் வீ. தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாப் போய்ச் சொன்னாரு: ஆளுக்கு மாசம் பத்து வெள்ளி கொடுங்க, நூறு வெள்ளி சேர்ந்தா ஒரு பங்கு, நாமளே தோட்டத்தை வாங்கலாம். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அன்னிக்குப் பத்து வெள்ளின்னா வெட்டுக்காரனுக்குச் சின்னக் காசு இல்லை. அதுக்கும் ஆளுக்கு ஆள் சிரிச்சாங்க, பால் வெட்டுறவன் துரையாகப் போறானாம்னு. அடுத்த வருஷம் கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டுனாங்க. பத்திரம் சங்கத்துப் பேர்ல.

நிலத்தை வாங்குன சனத்தோட பேரப்பிள்ளைங்க நீங்க. பதினோரு பேர், ஒரு பந்து, ரெண்டு கோல் கம்பம். இதை வாங்க முடியாதா?

எங்க தோட்டத்துல தீமும் அப்படித்தான் இருந்துச்சு. சம்பளத் துண்டுல கோயில் பணத்துக்கு அடுத்த வரியில விளையாட்டுப் பணம் பிடிப்பாரு கிராணி. கொஞ்சக் காசுதான். ஆனா தீம் தோத்துச்சுன்னா மறுநாள் பிரட்டுல கோல்கீப்பர் நிக்க முடியாது. கிழவிங்ககூட, "என் காசுல பந்து வாங்கி என் மானத்தை வாங்குறியா"ன்னு கேப்பாங்க. கேக்க உரிமை இருந்துச்சு, ஏன்னா காசு கொடுத்தவங்க. கோப்பிக்கடைப் பயிற்சியாளருக்கும் அந்தக் கிழவிக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சம்பளத் துண்டுல ஒரு வரிதான்.

கணக்குப் போடுவோம். பேராக் ஸ்டேடியம் நிறைஞ்சா நாப்பதாயிரத்துக்கு மேல சனம் இருக்கும்னு பெருமையடிச்சுக்குறோம். அதுல பாதியை விட்டுத் தள்ளு. இருபதாயிரம் பேர், ஆளுக்கு மாசம் பத்து வெள்ளி. மாசம் ரெண்டு லட்சம், வருஷம் இருபத்துநாலு லட்சம் வெள்ளி. சூப்பர் லீக்குக்கு இது காணாது, பிரேசில்காரனுக்கும் காணாது. ஆனா கீழேர்ந்து ஒரு தீமை, சொந்த ஊர்ப் பிள்ளைகளை வெச்சு, முதல் தேதி சம்பளம் கொடுத்து நடத்தக் காணும். இருபதாயிரம் வராது, ரெண்டாயிரம்தான் வரும்ங்கிறியா? அப்ப ரெண்டாயிரத்துக்குத் தகுந்த தீமா இருக்கட்டும். இத்தனை நாளா நம்மகிட்ட இருந்தது, வராத பதினெட்டாயிரம் பேருக்குக் கடன் வாங்கிக் கட்டின தீம்.

லண்டன்ல விம்பிள்டன்னு ஒரு தீம். 2002-ல முதலாளி அதை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போக அனுமதி வாங்கிட்டான். ரசிகர்கள் அழுதுக்கிட்டு நிக்கலை. ஊர்ப் பொதுத் திடல்ல பையன்களைக் கூப்பிட்டுத் தேர்வு வெச்சு, புதுத் தீமைக் கீழ்மட்ட லீக்ல ஆரம்பிச்சாங்க. ஒன்பது வருஷத்துல, 2011-ல, ஃபுட்பால் லீக்குக்குத் திரும்பி வந்துட்டாங்க. ஜெர்மனியில கிளப்போட ஓட்டுல பாதிக்கு மேல உறுப்பினர்கள் கையில இருக்கணும்னு லீக்ல விதியே உண்டு, ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர. அங்கேயும் பீர் குடிச்சுட்டுத் திட்டுறாங்க. ஆனா திட்டுறவன் கையில ஓட்டு இருக்கு.

கூட்டுறவுன்னா தேன் ஒழுகும்னு நான் சொல்லலை. ஆண்டுக் கூட்டத்துல நாற்காலி பறந்ததையும் பார்த்திருக்கேன், பொருளாளர் ஊரை விட்டுப் பறந்ததையும் பார்த்திருக்கேன். பத்துப் பேர் சேர்ந்தா பதினோரு கட்சி கட்டுற சனம் நாம. மலாய்க்காரத் தம்பி, சீனத் தம்பி, ஓராங் அஸ்லித் தம்பி எல்லாரும் சேர்ந்தாதான் அது பேராக். நம்ம ஆளுங்க மட்டும் சேர்ந்து ஆரம்பிச்சா முதல் கூட்டத்துலயே ரெண்டாப் பிரியும். சங்கத் தலைவர் பதவிக்கு இப்பவே ஆள் கிளம்பியிருப்பான், எனக்குத் தெரியும். சங்கமே இன்னும் இல்லை, மாலை மட்டும் ஆர்டர் கொடுத்திருப்பான்.

அதனால சொல்றேன், கேட்டுக்கோங்க. செலாடாங் சின்னத்தை நெஞ்சுல பச்சை குத்திக்கிட்டவன், 2018-ல ஷா ஆலாம் வரைக்கும் பஸ் பிடிச்சுப் போனவன், ஈப்போவுல, தைப்பிங்ல, தெலுக் இந்தான்ல, சுங்கை சிப்புட்ல இருக்கிறவன் யாரா இருந்தாலும், புதுசா ஒரு முதலாளி வருவான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. முதல்ல ஒரு கணக்காளரைப் பிடிங்க, தலைவரை அப்புறம் தேடலாம். கூட்டுறவுச் சங்கம் பதியுற வழியை விசாரிங்க. உங்கள்ல எவனாவது ஆரம்பிச்சா முதல் பத்து வெள்ளி நான் தர்றேன். ஆனா ரசீது கொடுக்கணும். ரசீது இல்லாம ஒரு காசு தரமாட்டேன், நீங்களும் தராதீங்க.