அரணைக்கு யார் அரண்?

கேள்வி: ‘அரணை கடித்தால் மரணம்’ என்கிறாரே பாட்டி, உண்மையா மாமா? (வாசகி, காவாந்தண்டலம்)

பதில்: எதுகை மட்டும் உண்மை. அரணைக்கு விஷமே கிடையாது. துடைப்பக்கட்டை பட்டால் மரணம்தான், அதுவும் அரணைக்கு.

கேள்வி: கடிக்க வந்துவிட்டு, வந்த காரியத்தையே மறந்துவிடுமாமே? (மாகறல்)

பதில்: வந்த காரியம் பூச்சி பிடிப்பது. அதை அது மறப்பதே இல்லை.

கேள்வி: அறுந்த வால் மறுபடி முளைக்குமா? (சாலவாக்கம்)

பதில்: முளைக்கும். ஆனால் உள்ளே முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான். போன வாரம் எங்கள் மாந்தோப்பில் ஓர் அரணையை நாய் விரட்டியது. உடம்பு வேலிக்குள் போய்விட்டது, வால் மட்டும் சருகின்மேல் துள்ளிக்கொண்டே கிடந்தது. அரணை கொழுப்பைச் சேர்த்துவைப்பதே அந்த வாலில்தான். அதைப் பறிப்பது குதிர் நெல்லை அள்ளிப்போவதற்குச் சமம்.

கேள்வி: காட்டு அரணை என்று தனியாக உண்டா? (வாலாஜாபாத்)

பதில்: மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் அரணைக்குப் பங்காளிகள் பலர். ரிஸ்டெல்லா, பூனை மாதிரி நகத்தை உறைக்குள் இழுத்துக்கொள்ளும். கேஸ்ட்லியாவுக்கு வாலில் நீலம் மின்னும். அதில் ஒரு வகையை மதராஸ் வனத்துறையின் பெட்டோம் 1870-லேயே விவரித்துவிட்டார். கேஸ்ட்லியா என்று தனிப் பேரினமானது 2004-ல்! விலாவில் புள்ளியுள்ள கேஸ்ட்லியா இன்று உலகச் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்துள்ள இனம்.

கேள்வி: புலிக்குக் காப்பகம் இருக்கிறதே, அந்தக் காட்டிலேயே இதுவும் பிழைக்காதா? (செய்யாறு)

பதில்: காடு முழுசாக இருந்தால் பிழைக்கும். காடு துண்டுபட்டால் புலி இரவோடிரவாக அடுத்த காட்டுக்கு நடந்துவிடும். விரல் நீள அரணைக்கு நடுவில் வரும் தேயிலைத் தோட்டமே சமுத்திரம். சோலைக்காட்டின் ஈரச் சருகுதான் அதற்கு வீடு, சமையற்கட்டு, பிரசவ அறை. காட்டுத்தீ ஒருமுறை போனால் மூன்றும் சாம்பல்.

கேள்வி: மலை எங்கேயோ இருக்கிறது. சமவெளிக்காரர்கள் நாங்கள் என்ன செய்ய? (உத்திரமேரூர்)

பதில்: உங்கள் ஊர்க் கல்வெட்டைப் போய்ப் படியுங்கள். சோழன் பராந்தகன் காலத்திலேயே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு 12 பேர் கொண்ட ஒரு வாரியம். அந்தத் தோட்ட வாரியத்தின் வாரிசுகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தோப்புச் சருகைக் கொளுத்தாதீர்கள். மரத்தடியிலேயே மட்கட்டும். ஈரமும் நிற்கும், அரணையும் நிற்கும்.