பக்கவாத்தியம் பக்கத்து வீடு

இரண்டாவது டிராக்கில் முதல் டிராக் கேட்கிறது. முதல் டிராக்கில் எதிர்வீட்டு மிக்ஸி கேட்கிறது. மூன்றாவதையும் பதிந்துவிட்டுப் போட்டுப் பார்த்தால், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இரண்டு மிக்ஸி அரைக்கிறது. நடுவில் எங்கோ தூரத்தில் நான் "முருகா" என்கிறேன். நேற்று ராத்திரி நடந்தது இது. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். இந்தக் கசிவை எப்படி நிறுத்துவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற ஆள்தான். மைக் வாங்கிய பில்லை வீட்டில் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள். ஒரே பாட்டுக்கு முதல் குரல், இரண்டாம் குரல், ஹம்மிங், கோரஸ் நாலும் நீங்களே. முடித்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டால் சித்தப்பா ஒரு கும்பிடு எமோஜி போடுவார், கேட்காமலேயே. அந்தக் கும்பிடுக்குத்தான் இத்தனை பாடு.

கம்ப்யூட்டர் பக்கத்து வில்லங்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. விண்டோஸில் ஸ்டீரியோ மிக்ஸ் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வாசிப்பதைக் கம்ப்யூட்டரே கேட்டு எழுதிக்கொள்ளும் ஏற்பாடு. இன்புட்டில் மைக்குக்குப் பதில் இது உட்கார்ந்திருந்தால், பழைய டிராக், மெட்ரனோம், வாட்ஸப்பின் 'டிங்' எல்லாம் புது டிராக்கில் ஏறும். உங்கள் குரல் மட்டும் ஏறாது. இன்புட்டை மாற்றினால் தீர்ந்தது. அடுத்தது ஸ்பீக்கர். அதில் பழைய டிராக்கை ஓடவிட்டுக்கொண்டு பாடினால் மைக் இரண்டையும் கேட்கும். அதற்குக் காது உண்டு, விசுவாசம் கிடையாது. ஹெட்போன் வேண்டும், அதுவும் காதை முழுக்க மூடுகிற வகை. ஸ்டுடியோக்காரர்கள் தோரணையில் ஒரு காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு பாடுகிறோமே, அந்தத் திறந்த பக்கத்திலிருந்து மெட்ரனோம் 'டிக் டிக்' என்று மைக்குக்குள் போகும். மூடியிருக்கிற காதுக்கு மட்டும் ஒலியை அனுப்பினால் அதுவும் போச்சு. இந்த வினைக்கெல்லாம் மூலம் அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பால். பழைய டிராக்கைக் கேட்டுக்கொண்டே புதியதில் பதிகிற எட்டு டிராக் டேப் ரெக்கார்டரை 1957இல் ஆம்பெக்ஸ் கம்பெனி அவருக்குத்தான் செய்து கொடுத்தது.

இத்தோடு, வீட்டில் பதிவதைச் சொல்லித்தருகிற வெளிநாட்டு வீடியோக்காரர்கள் கையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. என் ஜன்னலுக்கு வெளியே ஒரகடம் தொழிற்பேட்டை.

"ராத்திரியில ரெக்கார்ட் பண்ணுங்க, அமைதியா இருக்கும்" என்கிறார்கள் நம்மூர்க்காரர்கள். ஏ.ஆர்.ரஹ்மானே ராத்திரியில்தான் வேலை பார்ப்பார் என்று மேற்கோள் வேறு. அவர் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஸ்டுடியோ கட்டினார், 1992இல் 'ரோஜா' வந்தது, எல்லாம் சரி. கோடம்பாக்கத்துக்கு ராத்திரி என்று ஒன்று உண்டு. எங்களுக்கு இருப்பது ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். பக்கத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்க ஒரு விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தூங்கவா போகிறார்கள்? ஒரு கூட்டம் பஸ் ஏறும்போது இன்னொரு கூட்டம் இறங்கும். எங்கள் தெருவுக்கும் கம்பெனி பஸ் வரும். ஆள் வரும்வரை டிரைவர் ஹாரன் அடிப்பார். ஆள் வந்ததும், சந்தில் திருப்ப முடியாமல் ரிவர்ஸ் எடுப்பார். அதற்கு பஸ்ஸே ஒரு பாட்டுப் பாடும், என் சுருதிக்கு அரைக்கட்டை கீழே.

மண்ணின் வாகு என்றும் தோன்றுகிறது. எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் அவதரித்த ராமானுஜருக்குத் திருக்கோஷ்டியூர் நம்பி, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு மந்திரத்தின் பொருளைச் சொன்னார். இவர் நேரே கோயிலின் மேலே ஏறி ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார் என்பது குருபரம்பரைக் கதை. ஒரு காதுக்கென்று ஒதுக்கியதை எல்லா டிராக்கிலும் ஏற்றியவர் எங்கள் ஊர்க்காரர். அவர் ஏற்றியது மோட்சத்துக்கு வழி. எனக்கு ஏறுவது தண்ணி மோட்டார்.

மோட்டாரைக்கூட மன்னிப்பேன். பக்கத்து போர்ஷன் தம்பியின் புல்லட்டை மன்னிக்க மாட்டேன். வண்டியைக் குறை சொல்லவில்லை. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலை வந்தபிறகு, அதைக் குறை சொல்லிவிட்டு இங்கே எந்த டீக்கடையிலும் நிற்க முடியாது. ஓட்டுகிறவர்தான் கோளாறு. ஸ்டார்ட் பண்ணிவிட்டு உள்ளே போவார். டிபன் பாக்ஸ் எடுப்பார். ஐடி கார்டு தேடுவார். கேட்டால் வண்டி சூடாகணுமாம்.

அது சூடாகிற நேரத்தில் நான் கணக்குப் போட்டேன். ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. நிமிஷத்துக்கு 1000 சுற்று என்றால் 500 வெடி. என் பாட்டின் மெட்ரனோம் நிமிஷத்துக்கு 100. ஐநூறை நூறால் வகுத்தால் ஐந்து: தகதகிட. சுத்தமான கண்ட நடை! மேலே நான் சதுஸ்ரத்தில் முருகனைக் கூப்பிட, கீழே ஒருவர் கண்டத்தில் போய்க்கொண்டிருக்கிறார். தேர்ந்த வித்வான்களே யோசித்து இறங்குகிற இடம். ஆனால் வண்டி எடுத்த எடுப்பில் கண்டத்துக்கு வராது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, குளிரில் எடுத்ததும் வேகமாகச் சுற்றும். 1400 என்றால் 700 வெடி, ஏழு, தகிட தகதிமி, மிஸ்ரம். கொஞ்சம் சூடு பிடித்ததும் 1200. ஆறு, திஸ்ரத்துக்கு மேல்காலம். அதற்கப்புறம்தான் ஆயிரமும் கண்டமும். விளம்பத்தில் தொடங்கித் துரிதத்தில் முடிப்பது தனி ஆவர்த்தன வழக்கம், இது தலைகீழ். நடுவில் தம்பி வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவார், ஏன் என்று அவருக்கே தெரியாது. அந்த ஒரு கணம் 1800ஐத் தொட்டால் ஒன்பது, சங்கீர்ணம். ஆக ஐந்து நடையில் நாலு வந்துவிட்டது, சதுஸ்ரம் எங்கே? 800 சுற்றுக்கு இறங்கினால் 400 வெடி, நாலு, நான் பாடுகிற அதே நடை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது சேர்ந்து போவோமே என்று காத்திருந்தேன். எண்ணூறைத் தொட்டதும் வண்டி அணைந்துவிடுகிறது.

மறுபடி ஸ்டார்ட். மறுபடி மிஸ்ரம். எல்லாம் முடிந்து ஃபர்ஸ்ட் கியர் போடுவார், 'டக்'. அதுதான் தீர்மானம். அது சமத்தில் விழுந்து நான் பார்த்ததில்லை. அரை இடம் தள்ளி விழும், சில நாள் முக்கால் இடம். கிளட்ச் பிடித்த கையைச் சமம் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒருநாள் பால்கனியில் நின்று தாளம் போட்டே காட்டினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவரும் கையசைத்துவிட்டுப் போனார்.

மென்பொருளில் இதற்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது, பெயரளவுக்கு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்வார்கள்; கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் போகும், அதன் குட்டிகள் 100லும் 150லும் அப்படியே உட்கார்ந்திருக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு வெறும் சத்தத்தைச் சில விநாடி சாம்பிள் கொடுக்க வேண்டும். ஃபேன் போல ஒரே சீராக ஓடுவதை அது பிடித்துக்கொள்ளும். நடைக்கு நடை மாறுகிற வித்வானை எந்த சாம்பிளில் பிடிப்பது? நாய்ஸ் கேட் என்று இன்னொன்று: நான் வாயை மூடினால் அது கதவை மூடும், நான் திறந்தால் திறக்கும், திறந்த கதவு வழியாக என்னோடு ஊரே உள்ளே வரும். அதாவது நான் பாடாத இடங்களில் அமைதிக்கு உத்தரவாதம். இது அருமையான வசதி என்கிறாள் என் மனைவி. கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம், ஆகவே சத்தம் வருகிற திசைக்கு அதன் முதுகைக் காட்டு என்பார்கள். லைன் வீட்டுக்காரனுக்கு எத்தனை முதுகு வேண்டும்? முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது அறைக்குள் இருக்கிற எதிரொலியில் கொஞ்சம் கீச்சை உறிஞ்சும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தை மறிக்கக் கனம் வேண்டும், செங்கல் வேண்டும். முட்டையையே ஒழுங்காகக் காப்பாற்றாத அட்டை என் பாட்டையா காப்பாற்றப்போகிறது?

இதே ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. வண்டிகளின் மின்காந்த இடையூறை அளக்க, வெளி அலை நுழையாதபடி அறையே கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகக் காருக்கு அனுமதி உண்டு. பாடகனுக்கு இல்லை.

அந்தக் காலத்தில் வெளிச்சத்தத்தைத் தடுக்கவே ஆள் வைத்திருந்தார்கள். சென்னைக்குள்ளேயே எடுத்த முதல் தமிழ்ப் பேசும்படம் 1934இல் வந்த 'ஸ்ரீனிவாச கல்யாணம்'. எடுத்தவர் ஏ.நாராயணன், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அவருடைய ஸ்ரீனிவாசா சினிடோன். அதே சாலையில் மேற்கே வந்துகொண்டே இருந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிடலாம். ஒலிப்பதிவைக் கற்றுக்கொண்டு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். அந்தக் காலப் படங்களைச் சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள், ஒலியையும் அங்கேயே பதிந்தார்கள். கதாநாயகி உருகிப் பாடும்போது காக்காய் கரைந்தால் அதுவும் படத்தில் கரையும். அதனால் காக்காய் விரட்ட ஏர்கன்னோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்ததாகப் பழைய சினிமாக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! செட்டிங்ஸில் போய்த் தேட வேண்டாம், டிக் அடிக்க வேண்டாம். அந்த வேலையை மறுபடி கொண்டுவந்தால் நானே விண்ணப்பிப்பேன். சுட மாட்டேன், குறி மட்டும் பார்ப்பேன்.

சரி, வழிக்கு வருகிறேன். வழி என்று நான் நினைத்தது, தம்பியையே வெட்கப்பட வைப்பது. புல்லட் கேட்கிற டிராக் ஒன்றை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறார். சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். இன்று காலை படியேறி வந்தார்.

"அண்ணே, ஹெட்போன் போட்டுக் கேட்டேன். என்ன தெளிவு!"

"பாட்டா?"

"பாட்டு கெடக்கட்டும்ணே. ஊடால டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருதுல்லா, அது டேப்பெட்டு. மெக்கானிக்குக்கிட்ட எத்தனை மட்டம் சொல்லியாச்சு, காதுல விழ மாட்டேங்குங்கான். உங்க மைக்குல பாத்தியளா, எப்படி விழுந்திருக்கு!"

அது டேப்பெட் இல்லை. என் ஹெட்போனின் திறந்த காது வழியாகக் கசிந்த மெட்ரனோம். சொல்லவில்லை. சர்வீஸுக்கு விட்டால் ஒரு நாளாவது வண்டி தெருவில் இருக்காது.

"ஆமா தம்பி, டேப்பெட்தான். உடனே காட்டிடுங்க" என்றேன்.

"நாளைக்கே விடுதேன். வந்ததும் இதே எடத்துல வச்சு இன்னொண்ணு எடுத்துத் தாங்கண்ணே, மெக்கானிக்குக்குப் போட்டுக் காட்டணும். நீங்க மட்டும் அந்நேரம் பாடாம இருந்தியள்னா இன்னும் தெளிவா கேக்கும்."