யாரைக் கேட்டுச் செய்தாய்?

“யாரும் சொல்லாமல், முழு விவரமும் கையில் இல்லாமல், நீங்களாகவே இறங்கிச் செய்த வேலை ஒன்றைச் சொல்லுங்க.”

ஐ.டி. நேர்காணல்களில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. “எதையும் பெரியவங்களைக் கேட்டுச் செய்” என்று வீட்டிலும், “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்” என்று பள்ளியிலும் வளர்த்த பிள்ளைக்கு இது கேள்வியாகவா படும்? விசாரணையாகத்தான் படும்.

பதிலுக்கு ‘ஸ்டார்’ என்றொரு சூத்திரம் உண்டு. சூழ்நிலை, பொறுப்பு, செயல், பலன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். யூடியூப் தயவில் எல்லாருக்கும் மனப்பாடம். சென்னையில் சூழ்நிலைக்கும் பஞ்சமில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது, விமான நிலையத்தை மூடினார்கள், கரண்ட் இல்லை, போன் இல்லை. என்னிடம் வந்தவர்கள் அந்த வெள்ளத்தில் காப்பாற்றிய சர்வர்களை அடுக்கினால் செம்பரம்பாக்கம் ஏரிக்கு இன்னொரு கரையே கட்டிவிடலாம். அப்படிக் காப்பாற்றிய ஒரு தம்பி அந்த டிசம்பரில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்ததை அவருடைய ரெஸ்யூமேதான் காட்டிக்கொடுத்தது.

பலன் எல்லாருக்கும் 30 சதவீத முன்னேற்றம். ஒருவருக்காவது 29 வந்ததில்லை.

ஒரே ஒரு பெண் வேறு மாதிரி பேசினார். நைட் ஷிப்டில், வாடிக்கையாளர்களுக்குப் பணம் இரண்டு முறை கழிவதாகப் புகார். மேனேஜர் போனை எடுக்கவில்லை. மாலையில் போட்ட ரிலீஸ்தான் காரணமா என்பதும் உறுதியில்லை. “பழைய வெர்ஷனுக்கே திருப்பிட்டேன் சார். தப்பா இருந்தா காலையில மறுபடி ஏத்திக்கலாம். செஞ்சதை அப்பவே எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன்.”

பலன்?

“காரணம் அது இல்லைன்னு தெரிஞ்சுது சார். தேட வேண்டிய இடம் ஒண்ணு குறைஞ்சுது.”

வேண்டிய விவரத்தில் சுமார் 70 சதவீதம் கிடைத்தாலே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடலாம், 90க்குக் காத்திருந்தால் தாமதம்தான் என்று அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2016ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் எழுதினார். இந்தப் பெண்ணுக்குப் பாதி விவரம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் திருப்பிக்கொள்ள முடிகிற முடிவு எது என்பது தெரிந்திருந்தது.

“எடுத்துக்கலாம்” என்றேன். குழுவில் ஒருவர், “இன்னொரு ரவுண்டு வைப்போமே” என்றார். மற்றவர், “டைரக்டரை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்” என்றார். எச்.ஆர்., “அப்ரூவல் வரட்டும்” என்றது. துணிந்து முடிவெடுக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முடிவு இப்படி மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

எனவே, நேர்காணலுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, வெள்ளத்தை விட்டுவிடுங்கள். சின்னக் கதையானாலும் உங்கள் கதையைச் சொல்லுங்கள். அப்போது என்ன தெரியாமல் இருந்தது, தவறிப்போனால் எப்படித் திருப்பியிருப்பீர்கள், யாருக்குத் தகவல் சொன்னீர்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். கடைசியில் நாங்கள் “சொல்லி அனுப்புறோம்” என்போம். ஒரு வாரம் பொறுத்துவிட்டு நீங்களே போன் போடுங்கள். எங்கள் பக்கத்தில் யாரும் தானாக முன்வந்து எதையும் செய்ய மாட்டார்கள்.