ஆயா மோடு வேண்டி ஒரு மனு

அனுப்புநர்:
ஷேடு செக்கர் (ஓய்வு),
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு படத்தர அதிகாரி அவர்கள்,
டி.வி. பெட்டி செய்யும் கம்பெனி.
(எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம். படிக்கிற ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டால் போதும்.)

பொருள்: 43 அங்குல டி.வி.யில் குடும்ப போட்டோக்களைப் போட்டுப் பார்த்ததில் என் வீட்டுக்காரம்மாவின் தலை காணாமல் போனது, புடவை நிறம் மாறியது, கைலி நெளிந்தது தொடர்பாக.

ஐயா அல்லது அம்மா,

நான் மேற்படி ஊரில் பரம்பரையாகக் குடியிருந்து வருகிறேன். 1954இல் முதலமைச்சர் காமராஜருக்குச் சட்டசபைக்குப் போக ஒரு தொகுதி தேவைப்பட்டபோது, இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டு அனுப்பி வைத்த ஊர் இது. பெரிய இடத்துக்கு உதவி செய்து பழகியவர்கள் நாங்கள். உங்களுக்கும் ஓர் உதவியாகவே இந்த மனுவை எழுதுகிறேன். வேலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். உங்களுக்கு எந்தக் கிழமை என்று தெரியாததால் தபாலில் அனுப்புகிறேன்.

எங்கள் ஊர்ச் சிரசுத் திருவிழாவை நீங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. வைகாசி முதல் நாள் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மன் சிரசு புறப்படும். சிலம்பம், புலியாட்டம், வழி நெடுகத் தேங்காய் உடைபடுகிற சத்தம், மாலை மேல் மாலை. கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் காத்திருக்கிற உடலில் கொண்டுபோய் அந்தச் சிரசைப் பொருத்துவார்கள். அப்பன் சொல் கேட்டுத் தாய் தலையை வெட்டிய பரசுராமன், பிறகு வரம் வாங்கி, அவசரத்தில் வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிவிட்ட கதை. ஆக, தலையை ஒட்டுவதற்கென்றே வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிற ஊர் இது. இந்த ஊருக்கு வந்துதான் உங்கள் பெட்டி தலையை வெட்டியது.

நடந்தது இதுதான். திருவிழாவுக்கு வந்த பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். இன்ஜினியரிங் படிக்கிற பேரன் லேப்டாப்பை டி.வி.யில் சொருகி, போன வருஷத்துப் போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டான். முதல் போட்டோ என் வீட்டுக்காரம்மா. புதுப் புடவை, கழுத்தில் காசுமாலை, கையில் பூஜைத் தட்டு, எல்லாம் இருந்தது. கழுத்துக்கு மேலே டி.வி. சட்டம்தான் இருந்தது.

"இன்னா தாத்தா, ஆயாவோட சிரசு இன்னும் முத்தியாலம்மன் கோயில்லருந்து வரலபோல கீது?" என்றது ஒரு வாண்டு. கூடமே சிரித்தது. ஆயா மட்டும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு போட்ட விதத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது தனி மனு.

பேரன் கணக்குப் போட்டுச் சொன்னான். செல்போன் போட்டோ நாலுக்கு மூணு. உங்கள் திரை பதினாறுக்கு ஒன்பது. ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்று 'நிரப்பு' கொடுத்தால், போட்டோவின் உயரத்தில் கால்வாசி போய்விடும். அது முதல் வெட்டு. சரி, நிரப்பாமல் இழுத்துக் காட்டு என்றேன். இழுத்ததும் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலமானார்கள். என் மச்சினிச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு கறுப்புப் பட்டையே தேவலாம் என்று குடும்பம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அப்போதும் ஆயாவின் தலைப்பூ தெரியவில்லை. அது இரண்டாவது வெட்டு. இது முழுக்க முழுக்க உங்கள் கைவேலை.

ஓவர்ஸ்கேன் என்று நீங்கள் பெயர் வைத்திருக்கிற அந்தச் சங்கதியின் பூர்வீகம் எனக்குத் தெரியும். உங்கள் முன்னோர் மேல் கோபமும் இல்லை. படக்குழாய் வைத்த பெட்டிக் காலத்தில் கரண்டு இறங்கினால் படமும் சுருங்கும்; ஓரங்கள் வளையும். எங்கள் தெருவில் விளக்கு வைக்கிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, ஒளியும் ஒலியும் பார்க்கிறபோது நாலு பக்கமும் கறுப்பு ஏறி, கதாநாயகி ஜன்னலுக்குள் நின்று பாடுவதுபோல் இருக்கும். அதை மறைக்கத்தான் திரையைவிடப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். புத்திசாலித்தனம்தான். 2006இல் கவர்ன்மென்ட் கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல இலவசக் கலர் டி.வி.யிலும் அப்படித்தான். ஓசியில் வந்த பெட்டியிடம் ஓரம் எங்கே என்று யார் கேட்பது?

இப்போது குழாய் ஏது? கரண்டு இறங்கினால் பெட்டி அணையுமே தவிர, படம் சுருங்காது. புள்ளிகளை எண்ணி எண்ணிப் பதித்த தட்டைப் பலகை. லேப்டாப் 1920க்கு 1080 என்று அளந்து அனுப்புகிறது. நீங்கள் பக்கத்துக்கு இரண்டரை சதவீதம் கழித்தால் இடமும் வலமும் 48 புள்ளி, மேலும் கீழும் 27 வரி போச்சு. அதோடு விட்டீர்களா? மிச்சத்தைத் திரை நிறைய ஊதிப் பெரிதாக்கி, வெட்டுப்படாத இடத்தையும் மங்க வைத்தீர்கள். பரசுராமன்கூடத் தலையோடு நிறுத்தினான். தலை போனது போக உடலிலும் கை வைக்கவில்லை.

இதை நிறுத்த உங்கள் பெட்டிக்குள்ளேயே ஒரு சுவிட்சு இருக்கிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தோம். நல்ல காரியத்தை ஏன் இப்படி ஒளித்து வைக்கிறீர்கள்? அதுவும் புனைபெயரில். ஒரு பெட்டியில் 'ஜஸ்ட் ஸ்கேன்'. இன்னொன்றில் 'ஸ்கிரீன் ஃபிட்'. மற்றொன்றில் 'ஃபுல் பிக்சல்'. வேறொன்றில் 'டாட் பை டாட்'. எங்கள் ஊருக்கும் குடியேற்றம், குடியாத்தம் என்று இரண்டு பெயர் உண்டு. ஆனால் எந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுத்தாலும் பஸ் ஒரே ஸ்டாண்டில்தான் இறக்கிவிடும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான ஆத்திரம்.

நான் 26 வருஷம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் ஷேடு பார்த்தவன். குடியாத்தம் ஸ்டேஷனில் ஏறினால் வளத்தூர், மேல்பட்டி, பச்சக்குப்பம் தாண்டி ஆம்பூர். அந்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு அனுப்புவான், 'இந்த டேன் கலர் வேண்டும்' என்று. நாங்கள் போடுகிற சாயம் அதற்குப் பொருந்த வேண்டும். எந்த வெளிச்சத்தில் பொருந்த வேண்டும்? ட்யூப்லைட்டில் இரட்டைப் பிள்ளையாக இருக்கிற இரண்டு தோல், வெயிலில் போனால் பங்காளியாகிவிடும். அதற்காகவே லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே சாம்பல் பூச்சு, மேலே வரிசையாக விளக்குகள். அதில் முக்கியமானது டி65. பகல் வெளிச்சத்துக்கு உலகம் ஒத்துக்கொண்ட அளவு, சுமார் 6500 கெல்வின். அந்த விளக்கின் கீழே தோல் ஒரு மயிரிழை சிவப்பாகத் தெரிந்தாலும் லாட் திரும்பும். திரும்பிய லாட்டின் முன்னால் நின்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ரிட்டயரான பிறகு பேரன் மூலம் ஒரு விஷயம் தெரிய வந்தது. ஐ.டி.யு. என்கிற சர்வதேசச் சபை 1990இல் ஹெச்.டி. படத்துக்குப் பரிந்துரை 709 என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறதாம். அதில் வெள்ளைக்கு என்ன அளவு என்றால், அதே டி65! நான் 26 வருஷம் குனிந்து பார்த்த அதே வெள்ளை. எனக்கு யாரோ தூரத்து உறவுக்காரனைக் கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

அப்புறம் எழுந்துபோய் என் டி.வி.யைப் பார்த்தேன். அட்டையைப் பிரித்த நாளிலிருந்து அது 'விவிட்' என்கிற மோடில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி நீலம் போட்டு முக்கியதுபோல் இருந்தது. ஆயாவின் அரக்குப் புடவை மிளகாய்த்தூள். சீரகச் சம்பாவில் செய்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு நிறம் காட்டுகிற எங்கள் ஆம்பூர் பிரியாணி கேசரிபோல் ஜொலித்தது. அடுப்பில் நின்று அதைக் கிளறிய பாய் இந்தப் போட்டோவைப் பார்த்தால் தொழிலையே விட்டுவிடுவார்.

ஏன் இப்படி என்று எனக்குப் புரியாமல் இல்லை. கடையில் வரிசையாக முப்பது பெட்டி, தலைக்கு மேலே கொளுத்துகிற லைட்டு. அங்கே யார் அதிகம் கத்துகிறானோ அவனைத்தான் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் சந்தையில் கூவி விற்றவன், வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் கூவினால் எப்படி? சரியான வெள்ளை உங்களிடமே இருக்கிறது. 'சினிமா', 'மூவி' என்கிற மோடில் 'வார்ம்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதற்கு மாற்றிய முதல் நிமிஷம் திரை மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. பத்து நிமிஷத்தில் கண் பழகியது. கடைசியில் அரக்கு, அரக்காக நின்றது. என் லாட் பாஸ்.

'ஷார்ப்னஸ்' பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. முகத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கோடு போடுவதற்குப் பெயர் கூர்மை இல்லை. அதையாவது பூஜ்யத்தில் வைத்தால் தீர்ந்தது என்று பார்த்தால், சில பெட்டியில் பூஜ்யம்தான் 'ஒன்றும் செய்யாதே', சிலதில் 50தான் 'ஒன்றும் செய்யாதே'. சும்மா இருப்பதற்கு ஒரு பொது அளவுகூட உங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

பென்டிரைவ் கதையையும் கேளுங்கள். 4கே என்று சொல்லி, 83 லட்சம் புள்ளிக்கு என்னிடம் பணம் வாங்கினீர்கள். பென்டிரைவைச் சொருகினால், போட்டோ காட்டுகிற உங்கள் ஆப், படத்தை 20 லட்சத்துச் சொச்சம் புள்ளியில் வரைந்து, அதையே பெரிதாக்கித் திரையில் ஒட்டுகிறது. பல ஸ்மார்ட் டி.வி.க்களில் இதுதான் வழக்கம் என்றான் பேரன். சரியாகக் கால்வாசி. குடியாத்தம் கைலிக்குப் பேர் போன ஊர். இரண்டு மீட்டர் கைலிக்குக் காசு வாங்கிக்கொண்டு, அரை மீட்டர் துணியை நாலு பேர் பிடித்து இழுத்து இரண்டு மீட்டராக்கிக் கொடுத்தால், வாங்கினவன் அதைக் கட்டிக்கொண்டு வெளியே போக முடியுமா?

கைலி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு போட்டோவும் மெல்ல நகர்ந்து பெரிதாகிற ஒரு வித்தையை யாரும் கேட்காமலே வைத்திருக்கிறீர்கள். பொடிக்கட்டம் போட்ட கைலியில் நான் நிற்கிற படம் அப்படி நகர்ந்தபோது, கட்டங்கள் உங்கள் புள்ளி வரிசையோடு ஒத்துப்போகாமல் புழுபுழுவென்று நெளிந்தன. பாட்டன் காலத்துத் தறிக்காரன் இழை எண்ணிப் போட்ட கட்டம் ஐயா அது. சும்மா நிற்க வையுங்கள்.

எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பாதிப் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. 4000 புள்ளி அகலத்துப் படத்தை அது 1600க்குப் பிழிந்துதான் அனுப்பியிருக்கிறது. 'டாக்குமென்ட்' என்று போட்டு அனுப்பச் சொன்னால் ஆம்பூர்த் தங்கச்சி, "அண்ணே, டாக்குமென்ட்டுன்னா பத்திரமாச்சே, போட்டோவ எப்படி அதுல அனுப்புறது?" என்கிறாள். ஐபோன்காரன் ஒருத்தன் கொடுத்ததை 'ஆதரிக்கப்படாத கோப்பு' என்று உங்கள் பெட்டி திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டது. அதெல்லாம் எங்கள் குடும்ப விவகாரம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு சங்கதியை மட்டும் மெச்ச வேண்டும். புடவையின் சிவப்புக் கரை பச்சைக்குள் கசிந்துகொண்டே இருந்தது. நிறத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைக்காமல் சிக்கனம் செய்து காட்டுகிறீர்கள் என்றான் பேரன். அதற்கு வைத்தியம், ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டையின் பெயரை 'பி.சி.' என்று மாற்றுவதாம்! மாற்றினான். கரை கோடு கிழித்ததுபோல் நின்றது. ஒயர் அதேதான், ஓட்டையும் அதேதான், பெயர் மட்டும் வேறு. நியூமராலஜி வேலை செய்து என் வாழ்நாளில் நான் பார்த்தது இது ஒன்றைத்தான்.

ஆகவே ஐயா அல்லது அம்மா, 2019இல் மார்ட்டின் ஸ்கார்செஸி, கிறிஸ்டோபர் நோலன் போன்ற பெரிய டைரக்டர்கள் ஆதரவோடு 'ஃபிலிம்மேக்கர் மோடு' என்று ஒன்றைக் கொண்டு வந்தீர்கள். எடுத்தவன் எப்படி எடுத்தானோ அப்படியே காட்டுவதற்கு ஒரு பட்டன். அவர்கள் கேட்டார்கள், கொடுத்தீர்கள். சந்தோஷம். அதே ரிமோட்டில், ஏற்கெனவே நாலு சினிமா ஆப்புக்கு விளம்பரப் பட்டன் வைத்திருக்கிற வரிசையில், ஐந்தாவதாக 'ஆயா மோடு' என்று ஒன்று வைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அழுத்தினால் வெட்டு நிற்க வேண்டும், டி65 வர வேண்டும், சுண்ணாம்புக்கோடு அழிய வேண்டும், கைலி அடங்க வேண்டும். அடுத்த வைகாசி ஒன்றாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது. கூடத்தில் அதே கூட்டம் உட்காரும்.

இப்படிக்கு,
ஷேடு செக்கர் (ஓய்வு)

இணைப்பு:
1. பென்டிரைவ் ஒன்று. முதல் படத்தில் இருப்பவர் என் வீட்டுக்காரம்மா. தலை உண்டு.
2. பொடிக்கட்டக் கைலித் துண்டு ஒன்று, முழு நீளம் அல்ல, அரை மீட்டர்தான். இழுத்துப் பார்த்துக்கொள்ளவும்.
3. டேன் கலர் தோல் துண்டு ஒன்று. தயவுசெய்து ட்யூப்லைட்டில் பார்க்க வேண்டாம்.