விஷ்ணுபுரம் போவதா, வேண்டாமா?

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் வெளிவந்தது. அதைப் படிக்கலாமா வேண்டாமா என்ற என் ஆலோசனையும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கியது. அவர் நாவலை முடித்துவிட்டார். என் ஆலோசனை இன்னும் முடியவில்லை.

ஆரணியில் பட்டுத்தறி போட்டிருப்பவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? ஆடி பிறந்தால் தீபாவளிச் சேலைக்கு அவசரம். தை நெருங்கினால் கல்யாணச் சேலை. நடுவில் பாவு தீர்ந்தால், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவனுக்கு எண்ணூறு சொச்சம் பக்கம் ஒரு பொருட்டா என்று கேட்காதீர்கள். இழைக்குக் கூலி உண்டு.

ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பாகம். காலம் வரிசையாக வராது. முதல் பாகத்தில் பழங்கதையாகப் பேசப்படுகிறவர்கள் இரண்டாம் பாகத்தில்தான் உயிரோடு வருகிறார்கள். வந்தவர்கள் சும்மா இருக்கிறார்களா? ஞானசபையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தத்துவம் வாதாடுகிறார்கள். நானோ கரண்ட் பில்லை யார் கட்டுவது என்ற வாதத்திலேயே தோற்பவன்.

சரி, சின்னதாக ஏதாவது பார்ப்போம் என்று ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ பற்றி விசாரித்தேன். 1904 ஜூன் 16, டப்ளின் நகரம், ஒரே ஒரு நாள் கதையாம். ஒரு நாளுக்கே அவ்வளவு தடிமன்! பல நூற்றாண்டுகளை ஒரே புத்தகத்தில் அடக்கிய ஜெயமோகன் சிக்கனக்காரர் என்று மரியாதை வந்துவிட்டது.

இதற்கிடையில், தார் சுற்றுகிற வேலைக்கு நடுவே வீட்டம்மா முதல் பாகத்தை முடித்துவிட்டாள்.

“எப்படி இருக்குது?” என்றேன்.

“சங்கர்ஷணன்னு ஒரு கவிஞன். காவியத்த அரங்கேத்தறேன்னு குடும்பத்தையே இழுத்துக்கினு வர்றான். அவன் பொண்டாட்டிய நெனச்சாதான் பாவமா கீது.”

சொல்லும்போது புத்தகத்தைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள். இந்த நாவலைப் பற்றிய எந்த விமர்சனமும் என்னை இப்படி நேராகத் தாக்கியதில்லை.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். கார்த்திகை மழையில் பாவு நமத்துப்போகும், தறிக்குழியில் நீர் ஊறும், நெய்ய முடியாது. அப்போது தொடங்குகிறேன். கடைசிப் பாகத்தில் ஊரே வெள்ளத்தில் போகிறதாம், பருவத்துக்கும் பொருத்தம். படித்தவர்கள் யாராவது என்னைக் கடைத்தெருவில் பார்த்தால், தயவுசெய்து மிச்சக் கதையைச் சொல்லிவிடாதீர்கள். கார்த்திகைக்குள் அதை வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.